கோட்டைச் சுவரைக் கட்டியவர் யார்?



பள்ளித் தவணை முடியும் நாள் நெருங்கினால் நம் தமிழ்ப்பள்ளிகளில் கல்விச் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். பேருந்துக் கட்டணம் எவ்வளவு, பெற்றோர் அனுமதிக் கடிதம் வந்ததா, மதிய உணவு யார் பொறுப்பு என்று ஆசிரியர் அறையில் கணக்குகள் ஓடும். ஆனால், 'அங்கே போய்ப் பிள்ளைகள் எதைக் கற்கப் போகிறார்கள்?' என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கடைசியில்தான் எழும். சில வேளைகளில் எழாமலே போய்விடும். இந்தக் குறையை நான் பிறர் மீது சுமத்தவில்லை. என் மீதே சுமத்திக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். ஜார்ஜ் டவுனின் கடற்கரை முனையில், பாடாங் கோத்தா லாமா திடலை ஒட்டி நிற்கிறது அந்தக் கோட்டை. 1786ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கிய இடத்தருகே முதலில் நிபோங் மரங்களை நட்டு வேலி எழுப்பினார். அன்றைய தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் செங்கல்லும் கல்லும் கொண்டு இன்றைய நட்சத்திர வடிவில் கோட்டை எழுந்தது. ஒருபுறம் கெடாவின் கோபம், மறுபுறம் பிரெஞ்சுக் கப்பல்களின் அச்சம். இரண்டுக்கும் அஞ்சிக் கட்டிய கோட்டை அது. ஆயினும் அதன் பீரங்கிகள் எந்தப் பெரும்போரையும் காணவில்லை.

ஒரு தமிழாசிரியைக்குக் கோட்டையைப் போன்ற வகுப்பறை கிடைப்பது அரிது. அகழி, மதில், கொத்தளம், பீரங்கி, மருந்தறை, கலங்கரை விளக்கம் ஆகிய சொற்களை எல்லாம் நம் பிள்ளைகள் பாடநூலில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். 'அகழி என்றால் முதலை வாழும் குளம்' என்று என் மாணவி ஒருத்தி ஒருமுறை எழுதியிருந்தாள். கதைகளில் அவள் கண்ட அகழி அதுதான். இக்கோட்டையைச் சுற்றிச் சுமார் 9 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட அகழி இருந்தது. மலேரியா பரவியதால் 1920களில் அதைத் தூர்த்துவிட்டார்கள் என்று கேட்டபோது, 'அப்படியென்றால் முதலையைவிடக் கொசுதான் பெரிய எதிரியா?' என்று அவளே வியந்தாள். அந்த ஒரு வரிக்காகவே பேருந்துக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பிள்ளைகள் பீரங்கியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஸ்ரீ ரம்பாய் என்னும் அந்த வெண்கலப் பீரங்கியில் 1603 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒல்லாந்தர் வார்த்தது. ஜொகூருக்குச் சென்று, அச்சேயிடம் சிக்கி, பின்னர் சிலாங்கூரை அடைந்து, 1871ஆம் ஆண்டு கோலா சிலாங்கூரைப் பிரிட்டிஷார் தாக்கியபின் பினாங்குக்கு வந்து சேர்ந்தது. சிறிய காட்சிக்கூடத்தில் பலகைகளையும் படங்களையும் பார்த்துக்கொண்டே நடந்தோம். நான் தயாரித்துக் கொடுத்த பயிற்றியில் இருபது கேள்விகள் இருந்தன. கோட்டையின் பெயர் என்ன? பீரங்கி எந்த ஆண்டைச் சேர்ந்தது? பினாங்கில் இறங்கியவர் யார்? பிள்ளைகள் விடைகளைப் பலகைகளில் தேடித் தேடி நிரப்பினார்கள்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. மதிலோரம் நின்றுகொண்டிருந்த ஒரு மாணவன், "டீச்சர், இந்தச் சுவர யாரு கட்டுனா?" என்று கேட்டான். என் இருபது கேள்விகளில் அது இல்லை.

"பிரிட்டிஷ்காரர்கள்" என்றேன்.

"அவங்களே கல்லு தூக்குனாங்களா?"

நான் சற்றுத் தயங்கினேன். பிறகு அவசரமாக, "இல்லையப்பா, இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளை வைத்துக் கட்டினார்கள். நம் முன்னோர்கள்தான்" என்று சொல்லிவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அனைவரையும் வரிசையில் நிறுத்தினேன்.

திரும்பும் வழியில் பேருந்தின் பின்னிருக்கைகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் பொருட்படுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த மாணவனின் தந்தை பள்ளிக்கு வந்தார். கட்டட வேலைக்கு மணலும் கல்லும் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் அவர். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"டீச்சர், எங்கப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டி எங்கள ஆளாக்குனாரு. ஒரு நாளு போலீஸ் ஸ்டேசன் வாசப்படி மிதிச்சதில்ல. இப்ப எம்மவன் வந்து, 'அப்பா, நாம கைதி பரம்பரையா?'ன்னு கேக்குறான். கூடப் படிக்கிற பசங்க அப்படித்தான் கூப்பிடுறாங்களாம். இதெல்லாம் புள்ளைங்ககிட்ட ஏன் டீச்சர் சொல்றீங்க? நம்மளப் பத்திச் சொல்ல வேற நல்லது எதுவுமே இல்லியா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் அந்தக் கேலியை நிறுத்துவதாக வாக்களித்தேன். அவர் போனபின் அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. நான் சொன்னது பிழையா? சொன்ன விதம் பிழையா? அடுத்த முறை சொல்லாமல் விட்டுவிடலாமா?

நான் கண்ட விடையைப் பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். கோட்டையைக் கட்ட இந்தியக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள் என்பது வரலாறு. கிழக்கிந்தியக் கம்பெனி, வங்காளம் முதலிய தன் மாகாணங்களில் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடத்தி இத்தீவுக்கு அனுப்பியது. காடு வெட்டவும் சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் அவர்களைப் பயன்படுத்தியது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியவர்களும் இந்தியக் கைதிகளே. நீரிணைக் குடியேற்றங்களில் இந்த முறை 1873ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது.

ஆனால், 'நம் முன்னோர்கள்தான்' என்று நான் சேர்த்துச் சொன்னேனே, அது கவனக்குறைவு. அந்தக் கைதிகள் இந்தியாவின் பல மொழியினர், பல சமயத்தினர். என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பாட்டன் பூட்டன்மாரில் பெரும்பாலோர் அதற்கு நெடுங்காலம் கழித்து, ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிமார் வழியாக வந்தவர்கள். அந்த லாரி ஓட்டுநரின் தந்தை தோட்டத்துப் பால்மரத்தின் வரலாறு. கோட்டைச் சுவரின் வரலாறு அன்று. இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பியது நான். வரலாற்றை அவசரமாகச் சொன்னால் அது வசையாக மாறிவிடும் என்பதை அன்றுதான் கற்றேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் எழுதக் கற்றேன். பேருந்துக்கு நேரமாகும்போது ஒரு கடினமான உண்மையைத் தொடங்கக் கூடாது என்பதை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது, சொல்லாமல் விடலாமா என்ற கேள்வி. விடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். கோட்டையில் பிரான்சிஸ் லைட்டின் சிலை இருக்கிறது. 1936ஆம் ஆண்டு, பினாங்கு நிறுவப்பட்ட 150ஆம் ஆண்டை ஒட்டி வார்க்கப்பட்டது. லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்காததால், அவர் மகன் வில்லியம் லைட்டின் சாயலை வைத்துச் சிலையை வடித்தார்கள். முகம் தெரியாதவருக்கும் சிலை கிடைத்தது. பீரங்கி எந்த அரசரிடமிருந்து எந்த அரசருக்குக் கைமாறியது என்ற விவரமும் கிடைக்கிறது. கல் சுமந்தவனுக்கு மட்டும் ஒரு வரியும் இல்லையென்றால், பிள்ளை என்ன கற்கிறது? வரலாறு என்பது சிலை உள்ளவர்களுக்கு உரியது என்று கற்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு, லாரி ஓட்டுநரின் பிள்ளைக்கு அதைவிடக் கேடான பாடம் வேறில்லை.

லைட், காட்டை வெட்டச் செய்வதற்காகப் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை இட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்றொரு கதை உண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை. நானும் ஆண்டுதோறும் சொல்வேன். காசைத் தேடி முட்புதருக்குள் புகுந்தவர்கள் யார் என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். 'காசு எறிந்தவர் பெயர் தெரிகிறது. மரம் வெட்டியவர் பெயர் ஏன் தெரியவில்லை?' என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளைகள் சொல்லும் விடைகள் நம்மைத் தலைகுனிய வைக்கும்.

மூன்றாவது, அந்தத் தந்தையின் கடைசிக் கேள்வி: 'சொல்ல வேறு நல்லது இல்லையா?' இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

1801ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களைக் கம்பெனிப் படை திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. அடுத்த ஆண்டு, அவர்களோடு நின்ற எழுபதுக்கும் மேற்பட்டோரை நாடு கடத்தியது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். அப்போது அவர் சிறுவர். கொண்டுவந்து சேர்த்த இடம் இதே பினாங்குத் தீவு. சின்ன மருதுவோடு ஒரு காலத்தில் பழகி, பின்னர் அவரையே எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி, 1818ஆம் ஆண்டு பினாங்கில் துரைசாமியை உருக்குலைந்த நிலையில் கண்டதைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். கம்பெனியின் ஏட்டில் அவரும் ஒரு கைதிதான். 'கைதி' என்ற சொல்லுக்குள் திருடனும் இருந்தான், கொலைகாரனும் இருந்தான், தன் மண்ணுக்காகப் போராடியவனும் இருந்தான். அந்தச் சொல்லைத் தீர்மானித்தது கம்பெனி.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு வீசின. ஆட்சி செய்த பிரிட்டிஷார் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு வெளியேறினார்கள். தீவின் மற்ற மக்கள் கைவிடப்பட்டார்கள். பிரிட்டிஷ் கொடி மட்டும் கோட்டையில் பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கும் வரை குண்டும் விழும். அந்தக் கொடியை இறக்கியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினார்கள். காப்பாற்ற வேண்டிய கோட்டையால் காப்பாற்ற முடியவில்லை. ஒரு பத்திரிகையாளர் துணிந்து கொடியை இறக்கி, ஊர்மக்களின் உயிருக்காகத் தம்மால் இயன்றதைச் செய்தார்.

இவ்விரண்டையும் கேட்டால் எந்தத் தமிழ்ப் பெற்றோரின் நெஞ்சும் நிமிரும். என் நெஞ்சும் நிமிர்கிறது. ஆனால் இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெட்கத்தைப் போக்க வீரக்கதையை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது. 'இந்தச் சுவரைக் கட்டியதே மருதுவின் மகன்தான்' என்று ஒரு வரி சேர்த்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். புலனக் குழுக்களில் அந்த வரி ஒரே நாளில் நாடு முழுவதும் சுற்றிவரும். அது வரலாறன்று, நாம் கட்டிய கதை. 'நம் முன்னோர் கைதிகள்' என்று நான் அவசரத்தில் சொன்னதும், 'நம் முன்னோர் எல்லாரும் வீரர்கள்' என்று பெருமையில் சொல்வதும் ஒரே வகைப் பிழைதான். இரண்டிலும் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு முத்திரை மட்டுமே.

பெயர் தெரிந்த துரைசாமியையும், பெயர் தெரிந்த சரவணமுத்துவையும் சொல்வோம். அவர்களோடு, ஏதோ ஒரு திருட்டுக்காகக் கடல் கடந்து வந்து, பெயரில்லாமல் கல் சுமந்தவனையும் சொல்வோம். தண்டனை முடிந்தபின் இங்கேயே தங்கி, குடும்பம் அமைத்து, இம்மண்ணோடு கலந்துபோனவர்களையும் சொல்வோம். அவன் நம் இரத்த உறவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வங்காளியாகவும் இருக்கலாம், தெலுங்கனாகவும் இருக்கலாம். அவன் உழைப்பின் மேல் நாம் நிற்கிறோம் என்பது போதும்.

இனி, என் அனுபவத்திலிருந்து சில வேண்டுகோள்கள்.

ஆசிரியர்களுக்கு:

1. பயணத்திற்கு முன் ஒரு பாடவேளையாவது ஒதுக்குங்கள். கடினமான செய்தியைக் கோட்டை வாசலில் முதன்முதலாகச் சொல்லாதீர்கள். வகுப்பறையில், கேள்வி கேட்க நேரம் இருக்கும்போது சொல்லுங்கள்.

2. இருபது கேள்விகள் கொண்ட பயிற்றியைத் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகள் பலகையைப் பார்ப்பார்கள், கோட்டையைப் பார்க்கமாட்டார்கள். இரண்டே கேள்விகள் போதும். 'இங்கே யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது? யாருடைய பெயர் எழுதப்படவில்லை?'

3. கையால் கற்கவிடுங்கள். சுமார் 10 அடி உயரமுள்ள மதிலின் அருகே பிள்ளையை நிறுத்துங்கள். ஒரு முழ நீளத்திற்கு எத்தனை செங்கல் என்று எண்ணச் சொல்லுங்கள். கணிதமும் வரும், களைப்பும் வரும். கட்டியவனின் களைப்பை அப்போதுதான் உணர்வார்கள்.

4. திரும்பி வந்தபின் கட்டுரை எழுதச் சொல்லும்போது 'நான் சென்ற சுற்றுலா' என்ற பழைய தலைப்பை விட்டுவிடுங்கள். 'நான் இந்தச் சுவரில் ஒரு செங்கல்' என்று எழுதச் சொன்னேன். அந்த ஆண்டு நான் திருத்திய கட்டுரைகளில் மனனம் செய்த வாக்கியங்கள் மிகக் குறைவாக இருந்தன.

பெற்றோருக்கு:

1. பிள்ளை வீட்டுக்கு வந்து சங்கடமான கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். மற்றதை ஆசிரியரிடம் வந்து கேளுங்கள். அந்தத் தந்தை வந்து கேட்டிராவிட்டால் என் பிழை எனக்குத் தெரிந்திருக்காது.

2. உங்கள் குடும்பம் எப்போது, எந்த ஊரிலிருந்து, எந்தத் தோட்டத்துக்கு வந்தது என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். தன் வீட்டு வரலாறு தெரிந்த பிள்ளையை யாரும் ஒரு பட்டப்பெயரால் குலைத்துவிட முடியாது.

அந்தச் சம்பவத்திற்குப் பின் நான் வகுப்பில் மீண்டும் ஒரு பாடம் நடத்தினேன். கைதிகள் யார், தோட்டத் தொழிலாளர்கள் யார், துரைசாமி யார், சரவணமுத்து யார் என்று கரும்பலகையில் ஆண்டு வாரியாக எழுதிக் காட்டினேன். நான் தவறாகச் சொன்னதையும் மாணவர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டேன். ஆசிரியர் தவற்றை ஒப்புக்கொண்டால் மதிப்புப் போய்விடும் என்று எண்ணுவோர் உண்டு. என் அனுபவம் அப்படியில்லை. கேலி செய்த மாணவர்களுள் ஒருவன், அன்று மாலை தானாகவே அந்த மாணவனின் பக்கத்தில் போய் அமர்ந்துகொண்டதைப் பார்த்தேன். பட்டப்பெயர் முழுமையாக மறைய இன்னும் சில வாரங்கள் ஆயின.

ஆண்டிறுதியில் மதிப்பெண் அட்டை வாங்க அந்தத் தந்தை வந்தார். அடுத்த ஆண்டும் கோட்டைக்குப் போகிறோம், சுவர் கட்டியவர்களைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன் என்று அவரிடம் நானே சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

"சொல்லுங்க டீச்சர். ஆனா பாத்து சொல்லுங்க" என்றார்.

என் கருத்தை அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்று சொற்களைவிடச் சிறந்த கற்பித்தல் வழிகாட்டியை நான் எந்தப் பயிற்சியிலும் பெற்றதில்லை. பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லாமல் விட வேண்டியதில்லை. சொல்ல வேண்டும் என்பதற்காகப் பார்க்காமல் சொல்லவும் கூடாது.

இவ்வாண்டு உங்கள் பள்ளி எந்தக் கோட்டைக்கு, எந்த அரும்பொருளகத்துக்குச் செல்லவிருந்தாலும், அந்தச் சுவரைக் கட்டியவர் யார் என்ற கேள்வியைப் பேருந்தில் ஏறும் முன்பே பிள்ளைகளிடம் கேட்டுவிடுங்கள்.